நட்சத்திரம் நீள்கிறது: எக்ஸ்போஷரைக் குறைப்பதா, கைடிங்கா, மவுண்டைத் திறப்பதா, மாற்றுவதா?

விண்ணொளிப்படம் எடுக்கத் தொடங்கி ஓராண்டு ஆனவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். வானம் சுழலும் வேகத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பும் இக்யூ5 அல்லது ஹெச்இக்யூ5 மவுண்ட், மேலே 400 மி.மீ. குவியத்தூரமுள்ள சின்ன ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), வீட்டில் ஏற்கெனவே இருந்த கேனான் டிஎஸ்எல்ஆர். 20 விநாடி எக்ஸ்போஷர் வரை ஒப்பேற்றிவிடலாம். 2 நிமிடம் வைத்தால் நட்சத்திரம் எல்லாம் முட்டை. நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைத் திருத்தும் கைடு கேமரா வாங்கு என்கிறார் கடைக்காரர். மவுண்டைப் பிரித்து கிரீஸ் மாற்று என்கிறார் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர். யூடியூபில் இருப்பவரோ கைப்பைக்குள் அடங்கும் புது மவுண்டைக் காட்டி ஆசை மூட்டுகிறார். கையில் பணம் ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது. எதில் போடுவது?

நான்கு வழிகளையும் எடைபோடலாம். ஆனால் அதற்கு முன் கோளாறு மவுண்டில்தானா என்று தெரிய வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் பணத்தை விடுகிறார்கள்.

## முதலில் கேமராவை விசாரியுங்கள்

அதே வானப்பகுதியை 2 விநாடிக்கு ஒரு படம் எடுங்கள். பிரகாசமான நட்சத்திரங்கள் மட்டும் பதிந்தால் போதும். 2 விநாடியிலும் அவை முட்டையாகவே இருந்தால் மவுண்டை விட்டுவிடலாம். லென்ஸ் சீரமைப்பு, கேமரா சாய்வு, ஃபோகசர் தளர்வு, இவற்றில் ஏதோ ஒன்று. 2 விநாடியில் உருண்டை, 2 நிமிடத்தில் முட்டை என்றால் சந்தேகம் மவுண்டின் மேல் போகிறது.

அடுத்து, படத்தின் நடுவையும் நான்கு மூலைகளையும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மவுண்ட் தவறினால் படம் முழுக்க ஒரே திசையில், ஒரே அளவில் நீளும். நடு உருண்டையாக இருந்து, மூலைகளில் மட்டும் மையத்திலிருந்து விரிவது போல இருந்தால் மூலைகளைச் சீராக்கும் ஃபிளாட்னர் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள தூரம் சரியில்லை. பெரும்பாலான ஃபிளாட்னர்கள் 55 மி.மீ. கேட்கும். ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது. இன்னும் சந்தேகமா? கேமராவை 90 டிகிரி திருப்பி மறுபடி எடுங்கள். கோளாறு அதே மூலையில் நின்றால் அது கேமராவோடு வருகிறது, புது மவுண்ட் வாங்கினாலும் போகாது.

மவுண்ட்தான் என்று உறுதியானால், எந்த அச்சு என்பது அடுத்த கேள்வி. ஆர்.ஏ. அச்சு வானத்தோடு கிழக்கு-மேற்காகச் சுழல்வது, டெக் அச்சு அதற்குக் குறுக்கே வடக்கு-தெற்காக. 30 விநாடி எக்ஸ்போஷர் ஓடும்போது கடைசி 10 விநாடி கைக்கருவியில் ஆர்.ஏ. பொத்தானை மெதுவான வேகத்தில் அழுத்திப் பிடியுங்கள். நட்சத்திரம் போடும் கோடு ஆர்.ஏ. திசையைக் காட்டிவிடும். உங்கள் முட்டைகள் அந்தத் திசையில் நீள்கின்றனவா, அதற்குக் குறுக்காகவா என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆர்.ஏ. திசை என்றால் பெரும்பாலும் அச்சைச் சுழற்றும் திருகு வடிவ வார்ம் கியரின் சுற்றுப் பிழை. ஹெச்இக்யூ5-இல் வார்ம் ஒரு சுற்றுச் சுற்ற 638 விநாடி, அதைவிடப் பெரிய இக்யூ6-இல் 479 விநாடி. அந்தச் சுற்றுக்குள் மவுண்ட் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அதனால் 30 விநாடிப் படங்களை வரிசையாகப் பார்த்தால் நாலைந்து படம் நன்றாக, நாலைந்து படம் மோசமாக, மறுபடி நன்றாக என்று ஒரு தாளம் தெரியும். ஹெச்இக்யூ5-இல் மோசமான கட்டம் ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒரு முறை வரும். குறுக்குத் திசையில், எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி நீண்டால் அது போலார் அலைன்மென்ட் பிழை, அதாவது மவுண்டின் அச்சு வானத் துருவத்தைச் சரியாக நோக்கவில்லை. தாளமே இல்லாமல் திடீர் திடீரென்று எகிறினால் கேபிள் எங்கோ மாட்டி இழுக்கிறது, காற்றடிக்கிறது, அல்லது ஏதோ ஒரு பிடிப்பு தளர்ந்திருக்கிறது.

## காசு கேட்காத ஒரு திருத்தம்

போலார் அலைன்மென்ட் சரியில்லாமல் மற்ற எதிலும் பணம் போடக் கூடாது. அச்சு துருவத்திலிருந்து 10 ஆர்க்நிமிடம் (ஒரு டிகிரியில் 60 ஆர்க்நிமிடம், ஒரு ஆர்க்நிமிடத்தில் 60 ஆர்க்செகண்ட்) விலகியிருந்தால், மோசமான நிலையில் நட்சத்திரம் நிமிடத்துக்கு 2.6 ஆர்க்செகண்ட் நகரும். ஒரு டிகிரி விலகினால் 15-க்கும் மேல்.

நம் ஊரில் இது கூடுதல் தலைவலி. சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 13 டிகிரி உயரம்தான், கன்னியாகுமரியில் 8. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, தென்னை மரம், அடிவானப் புகை, எது வேண்டுமானாலும் மறைத்துவிடும். போதாக்குறைக்கு அந்தத் தாழ்வான உயரத்தில் காற்றின் ஒளிவிலகல் அதைச் சென்னையில் 4, கன்னியாகுமரியில் 6 ஆர்க்நிமிடத்துக்கு மேல் தூக்கிக் காட்டும். துருவ நட்சத்திரத்தைப் பார்க்க மவுண்டின் அச்சில் உள்ள போலார் ஸ்கோப்பில் கச்சிதமாக வைத்தாலும் நீங்கள் வைப்பது தூக்கிக் காட்டப்பட்ட இடத்தில். ஐரோப்பியக் கையேடுகள் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, அங்கே துருவம் 50 டிகிரி உயரத்தில் நிற்கிறது.

இதற்கு நினா என்ற இலவச மென்பொருளில் உள்ள மூன்று புள்ளி அலைன்மென்ட் செருகுநிரல் நல்ல வழி. துருவப் பகுதியே தெரிய வேண்டியதில்லை. வானத்தில் மூன்று இடங்களைப் படமெடுத்து, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும். ஒளிவிலகல் திருத்தம் இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். மடிக்கணினியே இல்லை என்றால் நட்சத்திரம் மெல்ல நகர்வதைப் பார்த்து அச்சைத் திருத்தும் பழைய டிரிஃப்ட் முறை இருக்கிறது, மெதுவாக ஆனாலும் பொய் சொல்லாது.

இன்னொன்று: சில மவுண்ட்கள் 15, 20 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஸ்டாண்டின் வடக்குக் காலைச் சற்றுக் குறைத்தால் இறங்கிவிடும். ஸ்டாண்ட் மட்டமாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, சாயாமல் நின்றால் போதும்.

இதெல்லாம் செய்த பிறகும் முட்டை வருகிறதா? சரி, இனி நான்கு வழிகள்.

## எதை வைத்து எடைபோடுவது

என் கணக்கில் முதல் அளவுகோல் பிக்சல் அளவுக்கும் குவியத்தூரத்துக்கும் உள்ள விகிதம். பிக்சலின் மைக்ரான் அளவை 206-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தை மி.மீ.-இல் வைத்து வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை ஆர்க்செகண்டைப் பார்க்கிறது என்று கிடைக்கும். கேனான் 700டி-யின் பிக்சல் 4.3 மைக்ரான். 135 மி.மீ. லென்ஸில் அது 6.6 ஆர்க்செகண்ட், 400 மி.மீ. ரிஃப்ராக்டரில் 2.2, 750 மி.மீ. நியூட்டோனியனில் (குழியாடித் தொலைநோக்கி) 1.2.

இதை மவுண்டின் பிழையோடு பொருத்திப் பாருங்கள். சுற்றுப் பிழை உச்சிக்கு உச்சி 30 ஆர்க்செகண்ட் உள்ள ஒரு ஹெச்இக்யூ5 என்று வைத்துக்கொள்வோம். மோசமான கட்டத்தில் அது விநாடிக்கு ஏறக்குறைய 0.15 ஆர்க்செகண்ட் வழுக்கும். அப்படியானால் ஒரு பிக்சல் வழுக்க 135 மி.மீ.-இல் 44 விநாடி, 400 மி.மீ.-இல் 15 விநாடி, 750 மி.மீ.-இல் 8 விநாடி. ஒரே மவுண்ட், ஒரே இரவு. லென்ஸ் மட்டும்தான் மாறியது. "என் மவுண்ட் மோசமா?" என்ற கேள்விக்குக் குவியத்தூரத்தைச் சொல்லாமல் பதில் கிடையாது.

இரண்டாவது, பில்லில் வராத செலவு: மின்சாரம், கணினி, வன்தட்டு இடம், சுங்க வரி, பழுது பார்க்க அனுப்பும் கூரியர். மூன்றாவது, இரவில் போகும் நேரம். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் தமிழ்நாட்டில் நம்பி வெளியே போகலாம். அதிலும் அமாவாசையை ஒட்டிய வார இறுதிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஜவ்வாது மலைக்கு ஏறிப் போய் ஒரு மணி நேரம் மென்பொருளோடு மல்லுக்கட்டுவதும் செலவுதான். நான்காவது, எந்தக் கோளாறை அந்த வழி தீர்க்காது என்பது. விற்பவர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

## வழி 1: எக்ஸ்போஷரைக் குறைத்து, படங்களைக் கூட்டுவது

2 நிமிடப் படம் 60 எடுப்பதற்குப் பதில் 20 விநாடிப் படம் 360. மொத்த வெளிச்சம் அதே 2 மணி நேரம்தான். நஷ்டம் எங்கே என்றால், ஒவ்வொரு படத்தையும் வாசிக்கும்போது சென்சார் சேர்க்கும் இரைச்சலில். வானப் பின்னணி வெளிச்சம் அந்த இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்குப் பதிந்துவிட்டால் அதற்கு மேல் நீட்டுவதில் பெரிய லாபமில்லை. அதனால் விளக்கு வெளிச்சம் நிறைந்த நகரத்து மாடியிலிருந்து எடுப்பவருக்கு இந்த வழி எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே வேலை செய்யும். தாம்பரம் மாடியில் 20 விநாடியிலேயே வானம் சாம்பல் பூத்துவிடும். அங்கே 3 நிமிடம் வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

இருண்ட மலையில் கதை மாறும். ஹெச்-ஆல்ஃபா போன்ற, ஒரு நிறத்தின் சிறு பகுதியை மட்டும் விடும் குறும்பட்டை வடிகட்டி போட்டால் இன்னும் மோசம், பின்னணியே பதியாது. அங்கே 20 விநாடி என்பது வெளிச்சத்தைச் சேர்ப்பதைவிட இரைச்சலைச் சேர்ப்பதாகவே முடியும்.

மறைமுகச் செலவு இடமும் நேரமும். சென்சாரைக் குளிரூட்டும் 26 மெகாபிக்சல் குளிர்கேமராவில் ஒரு படம் சுமார் 52 எம்பி. 30 விநாடி வீதம் 4 மணி நேரத்துக்கு 480 படம், அதாவது 25 ஜிபி. 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி அவற்றை ஒரே படமாக அடுக்கி, அதாவது ஸ்டாக் செய்து முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

இன்னொரு தொல்லை, படத்தில் சாய்வாக மழைக்கோடு போலத் தெரியும் இரைச்சல். மவுண்ட் மெதுவாக ஒரே பக்கம் நகர்வதால் சூடான பிக்சல்கள் ஸ்டாக்கில் இழுபட்டு வருபவை அவை. கைடிங் உள்ளவர்கள் படத்துக்குப் படம் கொஞ்சம் இடம் மாற்றி இதைத் தவிர்க்கிறார்கள். உங்களிடம் கைடிங் இல்லையென்றால் நினாவில் டைரக்ட் கைடர் என்ற தேர்வு இருக்கிறது, கைடு கேமரா இல்லாமலே மவுண்டை அசைத்துவிடும். அதுவும் முடியாதவர்கள் 10, 15 படத்துக்கு ஒரு முறை கைக்கருவியில் அம்புக்குறியைத் தொட்டுவிட்டால் போதும்.

200 மி.மீ.-க்குக் கீழே, நகரத்திலிருந்து, டிஎஸ்எல்ஆரில் எடுப்பவர் இதற்கு மேல் எதுவும் வாங்க வேண்டியதில்லை. 400 மி.மீ.-இல் மூன்றில் ஒரு பங்கு படங்களைத் தூக்கிப்போட மனம் இருந்தால் ஓட்டலாம். 750 மி.மீ.-இல் வேண்டாம்.

## வழி 2: ஆட்டோகைடிங்

சிறிய கைடு ஸ்கோப், அதன் பின்னால் ஒரு சின்ன கேமரா. அது ஓரிரு விநாடிக்கு ஒரு முறை நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று பார்த்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருக்கும். பிஹெச்டி2 மென்பொருள் இலவசம். 120 மி.மீ. கைடு ஸ்கோப்பில் 3.75 மைக்ரான் பிக்சல் கேமரா வைத்தால் ஒரு பிக்சல் 6.4 ஆர்க்செகண்ட். இவ்வளவு பெரிய பிக்சலால் ஒரு ஆர்க்செகண்டை எப்படித் திருத்த முடியும் என்று தோன்றும். மென்பொருள் நட்சத்திரத்தின் ஒளிமையத்தைப் பிக்சலில் ஒரு சிறு பகுதி வரை துல்லியமாகக் கணக்கிடுகிறது, அதனால் முடிகிறது.

400 மி.மீ. ரிஃப்ராக்டர்காரர்களுக்கு என் பதில் பெரும்பாலும் இதுதான். பிழை மெதுவானது, முன்கூட்டியே தெரிகிற தாளம் உள்ளது. கைடிங் திருத்தப் பிறந்தது இந்த மாதிரிப் பிழையைத்தான். மொத்தப் பிழை ஒரு ஆர்க்செகண்ட் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) என்று வந்தால் 2.2 ஆர்க்செகண்ட் பிக்சலுக்கு அது தாராளம். எண் 0.5-ஆக வரவில்லையே என்று வருந்தி அமைப்புகளைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் எண்ணைப் படமெடுக்கிறார்கள், நெபுலாவை அல்ல.

முதல் இரவில் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அளவீட்டை (காலிப்ரேஷன்) வான நடுக்கோட்டுக்கு அருகே, உச்சிக்கோட்டை ஒட்டிய நட்சத்திரத்தில் செய்யுங்கள். நம் ஊரில் வான நடுக்கோடு கிட்டத்தட்ட தலைக்கு மேலே போகிறது. ஓரியனின் இடைவாரில் உள்ள மின்டாகா அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, பனிக்கால முன்னிரவில் இதைவிட வசதி வேண்டாம். இரண்டு, பிஹெச்டி2-இல் உள்ள கைடிங் அசிஸ்டண்டைப் போதுமான நேரம் ஓட விடுங்கள். திருத்தம் எதுவும் செய்யாமல் மவுண்ட் எப்படி ஓடுகிறது, போலார் பிழை எவ்வளவு, டெக் அச்சில் பேக்லாஷ் (திசை மாறும்போது கியர் பற்களின் இடைவெளியால் வரும் தாமதம்) எவ்வளவு என்று அது எழுதிக் காட்டும். கைடு கேமரா வாங்கியதன் பாதிப் பலன் இந்த அறிக்கையே. அடுத்து எதில் பணம் போடுவது என்று அதுவே சொல்லிவிடும்.

இனி பில்லில் வராதவை. மடிக்கணினியோ ஏஎஸ்ஐஏர் போன்ற சின்னக் கணினிப் பெட்டியோ இரவு முழுக்க ஓட வேண்டும். யுஎஸ்பி கேபிள்கள் கூடும். கேபிள் கூடினால் உச்சிக்கோட்டைத் தாண்டி மவுண்ட் புரளும்போது எங்காவது மாட்டும். மின்சாரமும் கூடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. மவுண்ட், குளிர்கேமரா, பனி ஹீட்டர் எல்லாம் சேர்ந்தால் 5 ஆம்பியர் இழுக்கும். 0.5 சதுர மி.மீ. தடிமனுள்ள மெலிந்த வயரை 3 மீட்டருக்கு இழுத்தால் 5 ஆம்பியரில் ஏறக்குறைய 1 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 12 வோல்ட் பேட்டரி மவுண்டைச் சேரும்போது 11. ஹெச்இக்யூ5-இன் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கினால் அதுதான் சேதி. கைடு கேமரா இடையில் இணைப்பு அறுந்து நின்றுபோனால் திருத்தமும் நின்றுபோகும், காலையில் படத்தைப் பார்த்து மவுண்டைத் திட்டுவோம். கைடிங் திடீரென்று கெட்டுவிட்டது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வயரின் தடிமன்.

மிகவும் ஏமாற்றும் கோளாறு வேறொன்று. கைடிங் வரைபடம் அழகாக இருக்கும், நட்சத்திரம் மட்டும் நீண்டிருக்கும். கைடு ஸ்கோப் பிரதானத் தொலைநோக்கியோடு சேர்ந்து அசையாமல் தனியாக மெல்ல வளைகிறது என்று அர்த்தம். ஃபைண்டருக்கான மெலிந்த காலில், மூன்று பிளாஸ்டிக் திருகு முனைகளின் நடுவே தொங்கும் கைடு ஸ்கோப்புகளில் இது சகஜம். உறுதியான வளையங்களில் மாற்றிப் பாருங்கள். ஷ்மிட்-காசக்ரெய்ன் வகைத் தொலைநோக்கியில் கண்ணாடியே உள்ளே நகரும். அங்கே கைடு ஸ்கோப் உதவாது, பிரதானக் குழாயின் ஒளியிலேயே ஓரத்தில் வெட்டி எடுக்கும் ஆஃப்-ஆக்சிஸ் கைடர்தான் வழி. அது 55 மி.மீ. கணக்கில் இடம் கேட்கும், கைடு நட்சத்திரம் தேடவும் பொறுமை கேட்கும்.

கைடிங்கால் தீர்க்க முடியாதவை: டெக் அச்சில் பல விநாடி நீளும் பேக்லாஷ், ஒட்டிக்கொண்டு திடீரென்று விடுபடும் பேரிங், விநாடிக்கணக்கில் துடிக்கும் கியர் இரைச்சல், காற்று. பேக்லாஷை மட்டும் ஒரு தந்திரத்தால் சமாளிக்கலாம். போலார் அலைன்மென்டை வேண்டுமென்றே இரண்டு மூன்று ஆர்க்நிமிடம் விலக்கி, டெக் எப்போதும் ஒரே பக்கம் நகரும்படி வைத்து, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் திருத்தம் கொடுப்பது. ஆர்.ஏ.-வில் கிழக்குப் பக்கம் ஒரு சிட்டிகை கனமாக விடுவதும் இதே போன்றது. கியர் பற்கள் எப்போதும் ஒரு பக்கமாக அமர்ந்தே ஓடும்.

## வழி 3: மவுண்டைத் திறப்பது

இது மூன்று நிலை. வார்முக்கும் பெரிய கியருக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வது முதல் நிலை, அரை மணி நேர வேலை, ஆலன் கீ தவிர எதுவும் வேண்டாம். பல் சக்கரங்களுக்குப் பதில் பெல்ட் போடுவது இரண்டாவது. ஹெச்இக்யூ5-க்கும் இக்யூ6-க்கும் ரோவான் நிறுவனத்தின் கிட் பிரபலம். முழுக்கப் பிரித்து பேரிங் மாற்றி, புது லித்தியம் கிரீஸ் வைப்பது மூன்றாவது.

முதல் நிலையை எல்லோரும் கற்றுக்கொள்வது நல்லது. கிளட்சை இறுக்கிவிட்டு, எதிர் எடைக் கம்பியின் நுனியைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். 'டக்' என்று ஒரு தட்டல் கையில் தெரிந்தால் இடைவெளி அதிகம். வார்ம் கூட்டைப் பிடித்திருக்கும் திருகுகளைச் சற்றுத் தளர்த்தி, இரு பக்கமும் உள்ள சின்ன கிரப் திருகுகளில் ஒன்றை எட்டில் ஒரு சுற்று விட்டு மற்றதை எட்டில் ஒரு சுற்று இறுக்குங்கள். மறுபடி ஆட்டிப் பாருங்கள். தட்டல் மறைந்ததும் நிறுத்திவிடக் கூடாது. கைக்கருவியில் அதிக வேகம் வைத்து அந்த அச்சை முழுச் சுற்று சுற்ற விட்டுக் காதைக் கொடுங்கள். கியர் எங்குமே முழு வட்டமாக இருப்பதில்லை, ஏதோ ஓரிடத்தில் மோட்டாரின் குரல் கனத்து முனகும். அந்த இறுக்கமான இடத்தில் நிறுத்தி, அங்கே மீண்டும் சரிசெய்ய வேண்டும். தளர்ந்த இடத்தில் வைத்து இறுக்கினால், இறுக்கமான இடத்தில் மவுண்ட் நின்றே போய்விடும்.

பெல்ட் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் நிறைய குழப்பம். இடைக்கியர்கள் போடும் சிறிய, வேகமான துடிப்பை அது எடுத்துவிடும். பேக்லாஷில் ஒரு பங்கும் போகும், சத்தமும் குறையும். ஆனால் 638 விநாடிச் சுற்றுப் பிழை வார்மினுடையது, அது அப்படியே இருக்கும். ஆக பெல்ட் போட்டுவிட்டுக் கைடிங் இல்லாமல் 5 நிமிடம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கைடிங் ஏற்கெனவே உள்ளவருக்கு, வரைபடத்தில் திருத்த முடியாத வேகமான நடுக்கம் தெரிந்தால், பெல்ட் நல்ல முதலீடு.

உத்தரவாதக் காலத்துக்குள் திறந்தால் உத்தரவாதம் போகும். தொலைந்த ஸ்பிரிங், வழுக்கிப்போன திருகுத் தலை, இதற்கெல்லாம் மாற்றுப் பாகம் கடைத்தெருவில் கிடைக்காது. 32 டிகிரி வெயிலில் வீட்டு வரவேற்பறையில் கச்சிதமாக இறுக்கியதைக் கொடைக்கானலில் 10 டிகிரியில் ஓட்டினால் கிரீஸ் கெட்டியாகி, அளவும் சற்று மாறி, இறுகிக்கொள்ளலாம். ஒரு மயிரிழை தளர்வு விட்டு வையுங்கள்.

## வழி 4: மவுண்டையே மாற்றுவது

இங்கே இரண்டு பாதை. ஒன்று, இன்னும் பெரிய வார்ம் கியர் மவுண்ட். இக்யூ6-ஆர் போன்றவை பெல்ட்டோடே வருகின்றன, 20 கிலோ தாங்கும், ஆனால் தலை மட்டுமே 17 கிலோ. எதிர் எடைகளையும் ஸ்டாண்டையும் சேர்த்து மாடிப்படி ஏற்றினால் தெரியும். மாடியில் நிரந்தரத் தூண் போட்டவருக்கு இதைவிட நிம்மதி இல்லை. பேருந்திலும் பைக்கிலும் போகிறவருக்கு இது மரண அடி.

மற்றது ஸ்ட்ரெயின் வேவ் வகை. வளையும் உலோகக் கோப்பை ஒன்று உட்பல் சக்கரத்துக்குள் அழுந்தி நகரும் இந்தக் கியர் 1950-களில் வால்டன் மஸ்ஸர் காப்புரிமை பெற்றது. அப்போலோ நிலவு ஊர்தியின் சக்கரங்களில் இருந்ததும் இதுவே. 2022-இல் வந்த இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் ஏஎம்5 மவுண்டுக்குப் பிறகு இது அமெச்சூர் உலகில் பரவலானது. தலை 5 கிலோ, எதிர் எடை இல்லாமலே 13 கிலோ சுமக்கும். பேக்லாஷ் என்ற சொல்லையே மறந்துவிடலாம். ரயிலில் கொண்டுபோகலாம். அட்சரேகை ஏற்பாடு பூஜ்யம் வரை இறங்குவதால் கன்னியாகுமரியிலும் கவலையில்லை.

ஆனால் இதை வாங்குவோர் பலருக்குத் தெரியாத ஒன்று: கைடிங் இல்லாமல் இது வார்ம் மவுண்டைவிட நல்லதல்ல. சுற்றுப் பிழை பல பத்து ஆர்க்செகண்ட் வரை போகும், வளைவும் அவ்வளவு மென்மையாக இருக்காது. கைடு எக்ஸ்போஷரை 1 விநாடிக்கோ அதற்குக் கீழோ வைத்து அடிக்கடி திருத்த வேண்டும். அதற்குக் கொஞ்சம் பெரிய கைடு ஸ்கோப்பும் உணர்திறன் கூடிய கேமராவும் தேவைப்படலாம். கைடிங் தொல்லையே வேண்டாம் என்று இதற்குத் தாவுகிறவர் நேர் எதிர்ப்பக்கம் போய் நிற்பார்.

எதிர் எடை இல்லாததால் பாரம் ஸ்டாண்டின் ஒரு பக்கம் தொங்கும். கால்களைச் சரியாக விரிக்கவில்லை என்றால் மொத்தமும் கவிழும். மின்சாரம் போனால் அச்சைப் பிடித்து நிறுத்தும் பிரேக் உண்டா என்று மாடலுக்கு மாடல் விசாரித்துக்கொள்ளுங்கள். மின்வெட்டு நமக்குப் புதிதல்ல. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேரும். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது.

எந்த மவுண்டாக இருந்தாலும் பெட்டியில் போட்ட தாங்குதிறனில் பாதியைத்தான் படமெடுக்க நம்பலாம் என்பது இந்த வட்டாரத்துப் பழைய கணக்கு. ஸ்ட்ரெயின் வேவில் அதைக் கொஞ்சம் தளர்த்தலாம், நீளமான குழாயில் தளர்த்தக் கூடாது.

## நான்கும் ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் குவியத்தூரம் | கைக்காசு | பில்லில் வராதது | தீர்க்காதது |
|---|---|---|---|---|
| எக்ஸ்போஷரைக் குறைத்தல் | 200 மி.மீ. வரை நன்று, 400 வரை ஓட்டலாம் | இல்லை | வன்தட்டு, ஸ்டாக் நேரம், கழிபடும் படங்கள் | குறும்பட்டை, இருண்ட வானம் |
| ஆட்டோகைடிங் | 300 முதல் 800 மி.மீ. | குறைவு | கணினி, மின்சாரம், கேபிள், முதல் சில இரவுகள் | பேரிங் ஒட்டல், காற்று, கைடு ஸ்கோப் வளைவு |
| மவுண்டைத் திறத்தல் | கைடிங்கோடு சேர்ந்தால் 800 வரை | சொற்பம் முதல் நடுத்தரம் | உத்தரவாதம், பாகம் கிடைக்காமை | வார்மின் சுற்றுப் பிழை |
| புது மவுண்ட் | 800 மி.மீ.-க்கு மேல், அல்லது சுமை, பயணம் காரணமாக | மிக அதிகம் | வரி, பழுது, ஸ்டாண்ட், கூடவே கைடிங் | போலார் அலைன்மென்ட், கேமரா சாய்வு |

## கேமராவை மாற்றினால் தீருமா?

இந்தக் கேள்வியும் கூடவே வரும். முட்டைக்குத் தீராது. ஆனால் படம் பொரிபொரியாக, சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி நிறைந்து வருகிறது என்றால் மவுண்டுக்கு வைத்த பணத்தைக் குளிர்கேமராவுக்குத் திருப்புவது நியாயம், அதுவும் நம் வெயிலுக்கு.

சென்சார் வெப்பநிலை சுமார் 6 டிகிரி ஏறினால் வெப்ப இரைச்சலுக்குக் காரணமான மின்னோட்டம் இரட்டிப்பாகும். 28 டிகிரி இரவில் டிஎஸ்எல்ஆரின் உட்புறம் 35-ஐத் தொடும். அதே இடத்தில் குளிர்கேமராவை 0 டிகிரியில் வைத்தால் அந்த மின்னோட்டம் ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே. வெளிநாட்டுக் காணொளிகளில் மைனஸ் 20 என்று வைக்கிறார்களே என்று நீங்களும் வைக்க வேண்டாம். பெரும்பாலான கேமராக்கள் சூழலைவிட 35 டிகிரி குறைவு வரைதான் போகும், நம்மூரில் மைனஸ் 5-ஐத் தாண்டினால் குளிரூட்டி முழு மூச்சில் ஓடிப் பேட்டரியைக் குடிக்கும். 0 போதும். எல்லா இரவிலும் ஒரே வெப்பநிலை கிடைப்பதால் டார்க் ஃப்ரேம்களை (இரைச்சலைக் கழிக்க மூடி போட்டு எடுக்கும் படங்கள்) மழைக்காலத்தில் வீட்டிலேயே எடுத்துச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். டிஎஸ்எல்ஆரில் அந்த வசதி கிடையாது.

மூலையில் வெளிச்சக் கதிர் அடிப்பது போலத் தெரியும் ஆம்ப் குளோ சென்சாரைப் பொறுத்தது. ஐஎம்எக்ஸ்294 என்ற சென்சாரில் உண்டு, அதே நேர அளவு, வெப்பநிலையில் எடுத்த டார்க் கழித்தால் போய்விடும். ஐஎம்எக்ஸ்533, 571-இல் இல்லை. ஐஎம்எக்ஸ்533-இன் இன்னொரு நன்மை, 9 மெகாபிக்சல்தான், கோப்பு 18 எம்பி. முதல் வழியில் இருப்பவருக்கு நன்றாகப் பொருந்தும்.

## யார் எதை எடுக்கலாம்

135 மி.மீ. லென்ஸோடு நகரத்து மாடியில் இருப்பவர் எதுவும் வாங்காமல் அலைன்மென்டில் பழகட்டும். 400 மி.மீ.-காரர் கைடிங் வாங்கட்டும், அறிக்கையைப் பார்த்த பிறகு திருகுகளைத் தொடலாம். 750 மி.மீ. நியூட்டோனியனை ஹெச்இக்யூ5-இல் வைத்திருப்பவருக்குக் கைடிங்கும் பெல்ட்டும் சேர்ந்தே வேண்டும். காற்றுள்ள இரவில் அந்த நீளக் குழாய் பாய்மரம், அதற்கு எந்த மவுண்டும் பதில் இல்லை. மாதாமாதம் கிளம்பிப் போகிறவர், முதுகுவலி உள்ளவர், கைடிங்கை ஏற்கெனவே நன்கு கற்றவர், இவர்களுக்குத்தான் ஸ்ட்ரெயின் வேவ். இக்யூ5-இல் 8 அங்குல ஷ்மிட்-காசக்ரெய்ன் வைத்து 2000 மி.மீ.-இல் விண்மீன்திரள் எடுக்க நினைப்பவர் அந்த ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துவிட்டு, அதே குழாயில் நிலாவையும் கோள்களையும் எடுக்கலாம். அவற்றுக்கு எக்ஸ்போஷர் மில்லி விநாடிகளில், சுற்றுப் பிழை கணக்கிலேயே வராது.

பழைய மவுண்ட் வாங்குவதாக இருந்தால் பகலிலேயே போங்கள். கிளட்சைத் தளர்த்தி இரு அச்சையும் கையால் சுற்றுங்கள், எங்காவது கரகரப்போ ஒட்டலோ தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. கிளட்சை இறுக்கி எதிர் எடைக் கம்பியை ஆட்டுங்கள். மின்சாரம் கொடுத்து இரு அச்சையும் முழுச் சுற்று ஓடவிட்டு மோட்டார் குரலைக் கேளுங்கள். தட்டல் இருந்தால் பேரம் பேசலாம், திருகில் சரியாகிவிடும். கரகரப்பு இருந்தால் பேரமே பேச வேண்டாம்.